கட்டைப் பிரித்துக் காட்டும் சூப்பர்வைசருக்கு

ஷூ கம்பெனி செக்கிங் சூப்பர்வைசர் ஐயாவுக்கு,

பஸ் வந்துவிடும், சுருக்கமாக எழுதுகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்டதும் ஆன்டிபயாடிக் மாத்திரை.

பதினோரு மணிக்கு அரக்கோணத்திலிருந்து பரந்தாமன் மாமா உங்களைப் பார்க்க வருகிறார். முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆபரேஷன் செய்த காலை ஷூ மாதிரி தூக்கிக் காட்டி, கட்டைப் பிரித்து, "பாருங்க மாமா, இன்ச்சுக்கு எத்தினி தையலு, இன்னா ஃபினிஷிங்கு!" என்று விரலால் தடவ வேண்டாம். இதுவரை ஏழு பேருக்குக் காட்டியாகிவிட்டது. எட்டாவதாகக் கிருமி வந்து உட்கார்ந்துகொண்டது.

நேற்று சீழைப் பார்த்த டாக்டர் என்ன சொன்னார்? "எலும்புல வெச்ச பிளேட்டு வரைக்கும் போச்சுன்னா மறுபடியும் திறக்கணும்." அதற்கு நீங்கள், "தையல் நல்லாத்தான் சார் இருக்குது" என்று அவருக்கே சர்டிபிகேட் கொடுத்தீர்கள். பக்கத்தில் நின்ற பெண்டாட்டி எனக்குத்தான் மானம் போயிற்று.

மூன்று மணிக்கு பர்மிஷன் போட்டுவிட்டு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேட்டி மாற்றித் தயாராக இருங்கள்.

பூங்காவனம்

பி.கு: நீங்கள் தூங்கும்போது கட்டின்மேல் பிளாஸ்திரி ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது கிழிந்திருந்தால் நீங்கள் மாமாவோடு அரக்கோணத்துக்கே போய்விடலாம்.

இன்னொன்று: காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு கம்மிதான். இல்லாவிட்டால் வேலைக்குப் போயிருக்க மாட்டேன்.