மாற்றுப் பாவாடை

பாப்பாக்குட்டி,

லீவுக்கு உன் சித்தப்பா எங்களைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனார். நான் எதிலும் ஏறவில்லை. எல்லோருடைய பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக நிழலில் உட்கார்ந்திருந்தேன். "அம்மா பயந்தாங்கொள்ளி!" என்று தம்பி ராட்டினத்திலிருந்து கத்தினான். சிரித்தேன், நிஜமாகவே.

பிறகு அலைக்குளத்தில் ஆடிவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு மாற்றுத்துணி எடுத்தால், உன் மஞ்சள் பாவாடையும் கையோடு வந்தது. பழக்கத்தில் அதையும் மடித்து வைத்திருக்கிறேன்.

"அக்கா, அதை உள்ள வைங்க, புள்ள பாக்குறான்" என்றாள் சித்தி.

போன ஆடிப்பெருக்கன்றும் இப்படித்தான் உன் மாற்றுத்துணியை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். நீ கரையேறவே இல்லை.

குளத்துத் தண்ணீருக்கே தம்பிக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. காவிரித் தண்ணீர் உனக்கு ரொம்பக் குளிர்ந்ததா, கண்ணு?

உன் அம்மா