இருட்டில் விழுந்தால் பத்து

மார்ச் 18, 2012, ஞாயிறு – கடலூர்

பூசைக்குக் கட்டிய புடவையோடு இன்றும் கூடைப்பந்து மெஷினுக்கு அடியில் படுத்திருந்தேன். அம்மா திட்டினாள். புடவைக்காகத் திட்டினாளா, எனக்காகவா, தெரியவில்லை.

அக்கா புருஷன் லூயிஸ் மாமா திருவிழாக்களில் விளையாட்டுக் கடை போடுகிறவர். புதுச்சேரியில் யாரோ கழித்துவிட்ட மெஷினைப் போன வருஷம் வாங்கி வந்து, "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கியே, ஓட வச்சுடு" என்று என் தலையில் கட்டினார். ஓட வைத்துவிட்டேன். ஆனால் பந்து உள்ளே போனால் இரண்டு புள்ளி. மறுபடி போனால் இரண்டு. யார் எறிந்தாலும், எப்படி எறிந்தாலும் இரண்டு. பழுது பார்த்த எனக்கே கொட்டாவி வருகிறது.

புள்ளியை மாற்றலாமா என்று கேட்டேன். "கூடைன்னா ரெண்டுதான் அனிதா. நான் ஸ்கூல் டீம்ல ஆடுனவன்." இந்த ஸ்கூல் டீம் கதை அக்கா கல்யாணத்தன்று ஆரம்பித்தது.

மார்ச் 21

மாமாவிடம் மறுபடி கேட்காமலே மாற்றிவிட்டேன். இந்த நோட்டைத் தவிர யாருக்கும் தெரியாது.

மார்ச் 25

பாடுகிற வாழ்த்து அட்டை ஒன்றைக் கிழித்து, உள்ளே இருந்த வட்டத் தகட்டை வளையத்துக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். வளையம் அதிர்ந்தால் தகடு காட்டிக்கொடுத்துவிடும். பந்து சுத்தமாக விழுந்தால் இரண்டு. வளையத்தில் முட்டி, சுற்றி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு விழுந்தால் ஐந்து. நன்றாக எறிகிறவனுக்கு ஏன் குறைவு? அவன்தானே எப்போதும் ஜெயிக்கிறான். தவிர, பந்து முட்டிச் சுற்றும்போதுதான் வேடிக்கை பார்க்கிறவன் வாயைத் திறக்கிறான்.

மாமா சோதித்துப் பார்த்தார். பத்துப் பந்து, பத்தும் சுத்தம். இருபது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அடுத்து அக்கா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எறிந்தாள். பத்தில் ஐந்துதான் உள்ளே போனது. ஐந்தும் முட்டிக்கொண்டு. இருபத்தைந்து.

"என்னாது இது?" என்றார் மாமா.

"தெரியல மாமா. தானா அப்படி ஆயிடுச்சு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்திருந்தது. சொல்லமாட்டாள். இருபத்தைந்து வாங்கியவள் எதற்குச் சொல்லப்போகிறாள்.

ஏப்ரல் 29, ஞாயிறு

சில்வர் பீச்சில் கடை போட்டோம். பக்கத்துக் கடைக்காரன் ஆள் உயர ஸ்பீக்கரை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக் குத்துப்பாட்டு போட்டான். அடிக்கு அடி வளையம் அதிர்ந்து, விழுந்த பந்துக்கெல்லாம் ஐந்து. ஏழு மணிக்குள் பரிசுப் பொம்மை அத்தனையும் காலி. கடைசியாக ஜெயித்தவன் அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்டான்.

மாமா காலிப் பொம்மைப் பெட்டியை மடித்து மடித்துச் சதுரமாக்கினார். அவர் அட்டையை மடித்தால் கோபம் ஜாஸ்தி என்று அர்த்தம்.

ஏப்ரல் 30

தீர்ப்பு வந்துவிட்டது. சிதம்பரம் ஆனித் திருமஞ்சனக் கடைதான் கடைசி. அங்கேயும் கூட்டம் நிற்காவிட்டால் மெஷின் இரும்புக்குப் போகும். குறிஞ்சிப்பாடி பழைய இரும்புக்கடை கொளஞ்சியிடம் ஜூன் 24 அன்று வண்டி கொண்டுவரச் சொல்லிவிட்டாராம்.

அப்புறம் நான் என்னா பண்றது? திரும்ப செல்போன் கடையில உக்காந்து ரீசார்ஜ் போடறதா? ஆறு மாசம் அந்த போர்டோட கெடந்தேன். எனக்குன்னு நானே யோசிச்சு செஞ்சது அது ஒண்ணுதான். அத எடைக்குப் போடுவாங்களாம். அழுகையா வருது. அழுதேன்.

மே 9

தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் சைக்கிள் ட்யூப் துண்டு. இனி பாட்டுக்கு ஆடாது.

ஜூன் 22 – சிதம்பரம்

முதல் நாள். கூட்டம் சுமார்தான். ஏழு மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் வந்து இழுப்பதற்குள் ஐந்து நிமிஷம்.

அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் தில்லையம்மாள் என்று ஒரு அம்மா. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இருட்டிலேயே எறிந்து முடித்தார். புள்ளி அழிந்துபோகாமல் இருக்க எமர்ஜென்சி லைட் பேட்டரி ஒன்றை மெஷினுக்குள் வைத்திருந்தேன். அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளிச்சம் வந்ததும் பார்த்தால், இருட்டில் மட்டும் மூன்று பந்து உள்ளே.

"கண்ணு தெரியாம போட்டதுக்குக் கூடக் கொஞ்சம் புள்ளி குடுக்க மாட்டீங்களா?" என்றார்.

நியாயம்தானே?

ஜூன் 23

மெஷின் பேட்டரியில் ஓடும்போது விழும் பந்துக்குப் பத்து என்று ராத்திரியே மாற்றிவிட்டு, 'இருட்டில் விழுந்தால் பத்து' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். ஏழு மணிக் கட் ஊருக்கே தெரியும். ஆறே முக்காலுக்கு வரிசை நின்றுவிட்டது. ஆனால் யாரும் ஆட வரவில்லை. "நீங்க ஆடுங்க சார்", "பரவால்ல, நீங்க மொதல்ல" என்று ஆளாளுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். இத்தனை மரியாதையை நான் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. கரண்ட் போனதும் கைதட்டல் வேறு.

மாமா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "கண்ணு தெரியாம எறியறவனுக்குப் பத்து, டீம்ல ஆடுனவனுக்கு ரெண்டு. நல்லாருக்கும்மா உன் ரூல்ஸ். நாளைக்கும் கூட்டம் நிக்குதான்னு பாப்போம்."

ஜூன் 24, ஞாயிறு

ஆறு மணிக்கே கொளஞ்சி வந்துவிட்டார். மினி லாரி, தோளில் கயிறு. மெஷினை ஒருமுறை தட்டிப் பார்த்தார். நான் மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

ஏழானது. கரண்ட் போகவில்லை. திருவிழாக் கூட்டத்துக்காக இன்றைக்குக் கட்டே கிடையாது என்று யாரோ சொன்னார்கள். வரிசையில் இருந்தவர்கள் ட்யூப்லைட்டை முறைத்தார்கள். ஏழு ஐந்து. இரண்டு பேர் பொரிகடலைக் கடைக்கு நழுவினார்கள். ஏழு பத்து. கொளஞ்சி கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் மாமாவைத் தேடினேன், இன்னும் ஒரே ஒரு நாள் கேட்கலாம் என்று. ஆளைக் காணோம்.

பட்டென்று கரண்ட் போனது. எங்கள் கடைக்கு மட்டும். பக்கத்தில் ராட்டினம் ஜொலிஜொலித்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடிப்போனவர்கள் ஓடி வந்தார்கள். இருட்டில் பந்து பறந்தது. ஒன்று என் தலையில் விழுந்தது, அதற்குப் புள்ளி இல்லை. வெளிச்சம் வந்து அறுபத்து நான்கு என்று காட்டியபோது எழுந்த சத்தத்தில் ராட்டினத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பின்பக்கத்திலிருந்து மாமா வந்தார். விரலெல்லாம் ஃப்யூஸ் பெட்டிக் கரி.

"என்னா ஆச்சு மாமா?"

"தெரியலம்மா. தானா போயிடுச்சு."

கூட்டம் தள்ளுமுள்ளாகிவிட்டது. மெஷினைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றைத்தான் கடைசியில் வரிசைக்குக் குறுக்கே கட்டினோம். அதற்கு உள்ளே ஐந்தாவது ஆளாகக் கொளஞ்சி நின்றார்.

அவர் முறை வந்ததும் மாமா மறுபடி பின்பக்கம் போனார்.