எங்கள் சுவரிலிருந்து நீங்கள் எடுத்துப்போன படம்

இன்று பூனா மெயின் ஸ்ட்ரீட்டில் ஒருவர் பைப் புகைத்தபடி எதிரே வந்தார். உங்கள் புகையிலை வாசம். என்னை அறியாமல் ஒதுங்கி வழிவிட்டேன். நீங்கள் இறந்து சில ஆண்டுகளாகியும் இந்த மரியாதை என்னிடம் மிச்சமிருப்பது எரிச்சலாக இருந்தது.

லண்டனில் ஒரு பரபரப்புப் பத்திரிகையில் எடுபிடியாகச் சேர்ந்து, போர்க்காலத்தில் அதன் ஆசிரியரானவர் நீங்கள். ஒரு மானநஷ்ட வழக்கு உங்களைக் கவிழ்த்தது. அங்கே வேறு யாரும் வேலை தராததால் பூனாவுக்கு வந்து எங்கள் மாலைத்தாளை நடத்தினீர்கள். "தொரை அங்க ராஜா, இங்க நாலு பக்கத்துக்கு மேஸ்திரி" என்று அச்சுக்கோப்பவர்கள் சிரிப்பார்கள். நிருபர்களுக்கு நீங்கள் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: "சாவு வீட்டில் இருக்கிற எல்லாப் படத்தையும் வாங்கி வா. அடுத்த பத்திரிகைக்காரன் வெற்றுச் சுவரைப் பார்க்கட்டும்." துணை ஆசிரியனான நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அணை உடைந்து முட்டா ஆறு ஊருக்குள் புகுந்த நாளில், சிக்கியவர்களை மீட்கப் போன என் அண்ணன் திரும்பவில்லை. நான் ஆஸ்பத்திரியில் உடலுக்காகக் காத்திருந்தபோது, நீங்களே கிர்க்கியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனீர்கள்.

"உன் தொரை வந்தாருடா," என்றாள் அம்மா. "தொப்பியக் கழட்டிட்டு அழுதாரு. நாளைக்கே திருப்பித் தர்றேன்னு இந்தியில சொன்னாரு. அவனோடதா இருந்த ரெண்டு படத்தையும் குடுத்துட்டேன்."

மறுநாள் அண்ணன் முதல் பக்கத்தில் இருந்தான். தாள் விற்றுத் தீர்ந்தது. படங்கள் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "அச்சுக்கு பிளாக் செய்தவனிடம் இருக்கும், மை டியர் ஃபெல்லோ" என்றீர்கள். அம்மா அந்தச் செய்தித்தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பாள். "வெறும் புள்ளியாத் தெரியுதேடா. இதுல அவன் மூக்கு எங்க இருக்கு?" சாகும்வரை கேட்டாள். நான் வேலையை விட்டேன். ஆத்திரத்தை விடவில்லை.

மாலைத்தாள் நின்றுபோய் நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, கடைசியாக ஒருமுறை கேட்க வந்தேன்.

"எந்தப் பையன்?" என்றீர்கள். நடிப்பில்லை. உங்களுக்கு உண்மையிலேயே நினைவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியைக் காட்டினீர்கள். "தேடிப் பார். நான் எதையும் எறிந்ததில்லை."

உள்ளே எல்லாம் லண்டன் முகங்கள். குண்டுவீச்சில் செத்த குழந்தைகள், மணக்கோலத்தில் பெண்கள், சீருடைப் பையன்கள். ஏதேதோ சுவர்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். எதன் பின்னாலும் பெயர் இல்லை. என் அண்ணன் அதில் இல்லை.

உங்களுக்கென்று யாரும் இல்லாததால் பெட்டி என்னிடம் வந்தது. உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அந்தப் படங்களைப் பூஞ்சை துடைத்து வெயிலில் காட்டுகிறேன். அண்ணனின் முகம் எனக்கே மங்கிவருகிறது. யார் யாரோ பெற்ற அந்தப் பிள்ளைகளைத்தான் இப்போது பார்த்ததும் அடையாளம் தெரிகிறது.