உபயம் இல்லாத பதினாலு சட்டை

ஜன. 24, சனி

ஏழரை மணி வரை மலை காணோம். பனி. கடை ஷட்டர் பூட்டு திறக்க மண்ணெண்ணெய் விட வேண்டியிருந்தது.

இன்றைய வேலை: ஆட்டோ பின்கண்ணாடி ஸ்டிக்கர் மூன்று. கோயில் மண்டப ட்யூப் லைட்டுக்கு 'உபயம்' எழுத்து ஆறு. தேசியக்கொடி ஸ்டிக்கர், திங்களுக்குள்.

சாயந்திரம் ஆறு மணிக்கு வெளிநாட்டு ஃபுட்பால் மேட்ச். செங்கம் ரோடு காபி கடையில் பெரிய டிவி. என் டீமும் பாஷா பாய் டீமும். இரண்டு டீம் பெயரையும் இங்கே எழுதமாட்டேன், ஓனர்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதே. டைரி என் வீட்டுக்காரி செல்வி கையில் கிடைத்தால் திட்டோடு போகும், வேறு யார் கையிலாவது போனால்? என் டீம் நீலம். பாய் டீம் சிவப்பு. போதும்.

பாய் எனக்கு எதிர்க்கடை டெய்லர். பதினைந்து வருஷமாகச் சண்டை, ஒரு நாள்கூட பேசாமல் இருந்ததில்லை.

முதல் கோல் நீலம். எகிறிக் குதித்ததில் செருப்பு யார் மேஜைக்கோ போய்விட்டது. பாய் அசையவே இல்லை.

"குதி குதி. உன் ஓனர் ஒரு நாட்டு ராஜா. ஒரு கையால கோலுக்குக் காசு குடுக்கறான், இன்னொரு கையால குண்டுக்கு."

"உன் ஓனர் மட்டும் அன்னதானமா போடறான்? டிக்கெட் விலையை ஏத்தி ஏத்தி அந்த ஊர்க்காரனையே கேட்டுக்கு வெளியில நிறுத்திட்டானே."

"என் ஓனர் திருடன்தான், ஒத்துக்கறேன். அவனைப் போடா வெளியன்னு கொடி பிடிக்கறோம். நீ உன் ராஜாவை அப்படிக் கேக்க முடியுமா?"

"பாய், ஆட்டம் வேற, அரசியல் வேற."

"அப்படியா? அப்ப சண்டை போட்ட ஒரு நாட்டை ஆடக் கூடாதுன்னு நிறுத்தினாங்களே, அது என்னா? இன்னொரு நாடும் சண்டை போடுது, அது ஜாலியா ஆடுது. அது என்னா?"

 பதில் தெரியாத இடத்தில் சத்தத்தை ஜாஸ்தி பண்ணுவது என் வழக்கம். பண்ணினேன்.

மூலை மேஜையில் ஆறு மாசமாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்காருவார். இஞ்சி டீ, ஒரு புத்தகம். இன்று புத்தகத்தை மூடிவிட்டு பாயிடம் மெதுவாக ஏதோ சொன்னார். என் இங்கிலீஷ் யெஸ், நோ, கோல். பாய்தான் தமிழில் சொன்னார்: "அவர் ஊர் கிரவுண்டு நடுவுல குண்டு விழுந்து பள்ளமாம். பிள்ளைங்க பள்ளத்தைச் சுத்தி ஆடுதுங்களாம். பந்து உள்ள போனா அவுட்டுன்னு புது ரூல் போட்டிருக்காங்களாம்."

யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அப்புறம் சிவப்பு சமன் செய்தது, பாய் டேபிளைத் தட்டினார், நான் ரெஃப்ரியைத் திட்டினேன். இரண்டுக்கு ஒன்று, நீலம் ஜெயித்தது!! வீடு வரை பாட்டு.

எழுத மறந்தது. பெரிய விஷயம். என் பொண்ணு நிவேதா டீமுக்கு ஜெர்சி கிடைத்துவிட்டது. அடுத்த சனி கீழ்பென்னாத்தூரில் டோர்னமெண்ட். நம்பர் போட்ட ஒரே கலர் சட்டை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மனை வியாபாரி பூபதி சாரிடம் கேட்டேன். என் கடைக்கு ரெகுலர் கஸ்டமர். "பொம்பளப் பிள்ளைங்க ஃபுட்பால் ஆடுதா? பேஷ்! என் பேரை முன்னாடி போட்டுக்க" என்றார். நாளைக்குப் பதினாலு வெள்ளை டீஷர்ட் வரும். நிவேதா கோல்கீப்பர். இன்று ராத்திரி அவளிடம் சொல்லவில்லை, நாளைக்குச் சர்ப்ரைஸ்.

ஜன. 25, ஞாயிறு

சர்ப்ரைஸ் எனக்குத்தான்.

இட்லி சாப்பிடும்போது சொன்னேன். நிவேதா சட்னியைப் பார்த்துக்கொண்டே, "யாரு பேரு?"

"பூபதி நகர் பூபதி சார்."

"கவிதா போட்டுக்க மாட்டா."

கவிதா, டீமில் பின்வரிசை. அவளைத் தாண்டி பந்து வந்ததை நான் பார்த்ததில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் கிராமம், அவங்க அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நெல். அந்த நிலத்துக்குத் தண்ணி வரும் ஓடையை மூடித்தான் பூபதி நகர் போட்டிருக்கிறார்களாம். மனு கொடுத்து எட்டு மாசம் ஆகிறதாம்.

"அதுக்கு ஜெர்சி என்னாம்மா பண்ணும்? ஆட்டம் வேற..."

"அரசியல் வேற. தெரியும்ப்பா. காபி கடையில நீ கத்தறது தெரு வரைக்கும் கேக்குது."

செல்வி அடுப்படியிலிருந்து சிரித்தாள். எந்தப் பக்கத்துக்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

"உபயம்ன்னா அப்படித்தாம்மா. குடுத்தவங்க பேரைப் போடணும். மரியாதை."

"மண்டபத்துல ட்யூப் லைட்டு போடறாங்களே, பேரு எழுதி எழுதி வெளிச்சமே வராது. அதுவும் மரியாதைதானே?"

அந்த எழுத்தை வெட்டுகிறவன் நான். நேற்றுகூட ஆறு.

கடைசியாகச் சொன்னாள்: "கவிதா வரலன்னா நானும் வரல." தட்டைக் கழுவிவிட்டுப் போய்விட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி ஜெயித்திருப்பேன்.

யோசித்தது:
1. பூபதி சார் நல்ல மனுஷன். பொங்கலுக்கு கரும்பு கொடுத்தார்.
2. ஓடை விஷயம் எனக்கு என்ன தெரியும்?
3. ஆறு நாளில் வேறு ஆள் எங்கே கிடைப்பான்?
4. நிவேதா இந்த டோர்னமெண்டுக்காக மூன்று மாசமாக விடியற்காலம் எழுந்து ஓடுகிறாள்.

நாலாவதுதான் கஷ்டம். மற்ற மூன்றும் நானே எனக்கு விட்ட டூப்.

ஜன. 26, திங்கள்

லீவு. கொடி ஸ்டிக்கர் எல்லாம் வித்துப் போச்சு. பத்து மணிக்கு நிவேதாவை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கவிதா வீட்டுக்கு. சமாதானம் பேசலாம் என்று போனேன். சொற்பொழிவு ரெடி. சாராம்சம்: முதலில் ஜெயிப்போம், மீதியை அப்புறம் பார்ப்போம்.

கவிதா, "வாங்க மாமா" என்று மோர் கொடுத்தாள். சொற்பொழிவை மோரோடு விழுங்கிவிட்டேன். அவள் அப்பா "வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லி வரப்பில் நடந்தார். பின்னாலேயே போனேன்.

ஓடை. நாலடி அகலம், அழகாக வருகிறது. வேலிக்காத்தான் முள்புதர் ஓரம் வளைகிறது. அப்புறம் இல்லை. செம்மண் கொட்டி, கல் நட்டு, மேலே ரோடு. ஓடை முடியும் இடத்தில் சரியாக ஒரு மஞ்சள் போர்டு.

பூபதி நகர். மலை தரிசன மனைகள்.

என் கைவேலை. அந்த 'லை'யில் நான் போடும் வளைவு எனக்குத் தெரியாதா. கீழே மூலையில் குட்டியாக என் கடைப் பெயரும் போன் நம்பரும். நானேதான் போட்டேன், விளம்பரத்துக்கு.

கவிதா அப்பா அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். "எழுத்து நல்லா இருக்கு" என்றார். நக்கல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

திரும்பி வந்து நிவேதாவை வீட்டில் விட்டுவிட்டு நேராகப் பாய் கடைக்கு. 

பாயிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அந்த ராஜாவுக்கு வாயால வக்கீல். இந்த ராஜாவுக்குக் கையால போர்டு. முன்னேறிட்ட சேகரு."

ஜன. 27, செவ்வாய்

அப்படியும் இன்று அச்சுப் போட உட்கார்ந்தேன். ஏன்? பயம். டீஷர்ட் வந்துவிட்டது, ஆர்டர் ஆர்டர்தான், கஸ்டமர் கஸ்டமர்தான் என்று சொல்லிக்கொண்டேன். கவிதாவை நிவேதா எப்படியாவது சரிக்கட்டுவாள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

துணியில் அமுக்குகிற ஸ்டிக்கர் வேற ரகம். எழுத்தைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி வெட்டணும். அப்போதுதான் சூடு போட்டு உரித்தால் நேராக வரும். வண்டி ஸ்டிக்கரில் அந்தத் தொல்லை இல்லை. இருபது வருஷமாக வெட்டுவது வண்டி ஸ்டிக்கர்.

வெட்டும்போது போன், பாயிடமிருந்து. எதிர்க்கடையிலிருந்தே போன் பண்ணுகிறார் மனுஷன்!

"ஒண்ணு சொல்லு. நாளைக்கே உன் ராஜா டீமை வித்துட்டுப் போயிட்டா, நீ நீலத்துக்குக் கத்துவியா மாட்டியா?"

"கத்துவேன்!"

"அப்ப நீ யாருக்குக் கத்தற? சட்டைக்கா, ஓனருக்கா?"

"ஆடறவனுக்குப் பாய்!"

"ஆடற பிள்ளை உன் வீட்லயே இருக்குதே. அது என்னா சொல்லுதுன்னு கேட்டியா?"

"வைய்யா போனை!"

அந்தக் கோபத்திலேயே பதினாலையும் வெட்டி, பதினாலையும் அமுக்கி, ஆறட்டும் என்று அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து முதல் சட்டையை உரித்தேன். 'பூபதி நகர்' பின்பக்கமாக நின்றது. சுழி, கொக்கி எல்லாம் வலது இடம் மாறி. ஏதோ வேற நாட்டு எழுத்து. இரண்டாவது. மூன்றாவது. பதினாலும்.

சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தேன். பாய் ஓடிவந்து ஒன்றை எடுத்து என் ஷேவிங் கண்ணாடிக்கு எதிரில் பிடித்தார். "இப்ப சரியாத் தெரியுது பாரு. மேட்ச்சுக்கு எல்லாரும் கண்ணாடி எடுத்துக்கிட்டு வரச் சொல்லிடலாம்."

அப்புறம் ஒரு சந்தோஷம். தப்பிச்சேன்! மிஷின் கோளாறு, சட்டை போச்சு, மன்னிச்சுக்குங்க சார். யாரையும் பகைக்க வேண்டாம்.

ராத்திரி சாப்பாட்டில் நிவேதாவிடம் பெருமையாகச் சொன்னேன். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"மிஷின் மேல பழி போடாதப்பா. வேணாம்ன்னு சொல்லு."

"எப்படியும் ஜெர்சி இல்லன்னு ஆயிடுச்சேம்மா."

"இல்லன்னு ஆயிடறது வேற. வேணாம்ன்னு சொல்றது வேற."

பத்தாவதை இரண்டு தடவை எழுதின அப்பனுக்கு இப்படி ஒரு பொண்ணு.

ஜன. 28, புதன்

 பதினொரு மணிக்கு பூபதி சார் ஆபீஸ். ஏசி. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா.

சட்டையைக் காட்டினேன். வாய் தானாக, "மிஷின்ல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்துவிட்டது. நிவேதா முகம் ஞாபகம் வந்தது. நிறுத்தினேன்.

அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "விடு சேகரு! வேற பதினாலு வாங்கிக்க. பசங்க ஆடணும், அதான் முக்கியம்."

திட்டியிருந்தால் சுலபம். இப்படி நல்லவராக இருந்தால் நான் என்ன செய்வது?

"இல்ல சார். வேணாம்."

"என்னா வேணாம்?"

"உங்க பேரு... சட்டையில வேணாம்ன்னு பிள்ளைங்க... நானும்தான் சார்."

சட்டையைத் தள்ளி வைத்தார். "சரிப்பா. பேர் வேணாம். சும்மா எடுத்துக்கிட்டுப் போ. நான் பேருக்கா குடுக்கறேன்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேரும் வேண்டாம், சட்டை மட்டும். யாருக்கும் தெரியாது. கை நீளப் பார்த்தது, சத்தியமாக. ஆனால் கவிதாவிடம் என்ன சொல்லிக் கொடுப்பேன்?

"அந்த ஓடையை மட்டும் திறந்து விட்டுடுங்க சார்."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்க்காத குறை.

சிரிப்பு நின்றது. "ஜெர்சி கேட்டு வந்தவன் ஓடை கேக்கறியா?"

"ஆமா சார்."

"என் போர்டு வேலைக்கெல்லாம் வேற ஆளைப் பாத்துக்கறேன். டீயைக் குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். பாதி சட்டையில். வெளியே வந்தால் ஓடணும் போல இருந்தது. நாலு வண்டியைத் தாண்டி ஒரு உதை உதைத்தேன், கீழே கிடந்த காலி பேப்பர் கப்பை. சரியாகக் குப்பைத்தொட்டிக்குள். யாரும் பார்க்கவில்லை. அநியாயம்.

மதியம் பாயிடம் சொன்னதும் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "பிள்ளைங்களை வரச் சொல்லு. ஸ்கூல் யூனிஃபார்ம் துணி மிச்சம் கிடக்கு."

"என்னா கலர்?"

"நீ கேக்கக் கூடாது."

சிவப்பு.

ஜன. 29, வியாழன்

பாய் கடையில் பதினாலு பேர், ஒரே இரைச்சல். கவிதா தோளை அளந்துவிட்டு பாய், "இந்தப் பொண்ணு இருக்கும்போது கோல்கீப்பருக்கு என்னா வேலை?" நிவேதா அவர் கத்தரிக்கோலை ஒளித்து வைத்தாள்.

செல்வி பட்டன் ஓட்டை அடிக்க வந்தாள். ஜெர்சிக்கு எதற்குப் பட்டன் என்று கேட்டால், பாய்க்கு யூனிஃபார்ம் சட்டைதான் தைக்க வருமாம். காலர், பட்டன், பாக்கெட் எல்லாம் உண்டு. ஃபுட்பால் சரித்திரத்தில் பேனா வைத்துக்கொள்ள வசதியுள்ள முதல் ஜெர்சி.

நம்பர் நான். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, இரண்டு தடவை பார்த்து. நெஞ்சில் எதுவும் போடவில்லை.

ஜன. 31, சனி

இப்போதுதான் வந்தோம். தொண்டை போச்சு. கையெழுத்து இப்படி இருப்பதற்கு நான் பொறுப்பில்லை.

நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம், டவுனைத் தாண்டவே ஒரு மணி நேரம். வேனில் பதினாலு பேரும் பாட்டு, பாய் தாளம்.

கிரவுண்டில் மைக் செட்டுக்காரர் ஒவ்வொரு டீமுக்கும் முழங்குகிறார்: "உபயம், இன்ன ரைஸ் மில்! உபயம், இன்ன ஃபைனான்ஸ்!" நம்ம டீம் முறை. பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மைக்கிலேயே, "உபயம் யாருப்பா? காலியா இருக்கே?" கவிதா சென்டரிலிருந்து கத்தினாள்: "நாங்களே!" அவர் அப்படியே அறிவித்துவிட்டார்: "உபயம், நாங்களே!" கிரவுண்டே சிரித்தது. கை தட்டியும் விட்டது.

எதிர் டீம் ஆரணிப் பக்கம். ராட்சசிகள். நம்ம பக்கம் ஒரே ஒரு கோல், அதுவும் அவங்க ஆள் காலில் பட்டு. அப்புறம் முழுக்க முற்றுகை. கவிதா இரண்டு தடவை கோட்டிலேயே எடுத்தாள். கடைசி நிமிஷம் பெனால்டி. எங்களுக்கு எதிராக.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மூடிக்கொண்டேன். விசில். தப் என்று ஒரு சத்தம். அப்புறம் பாய் என் முதுகில் வைத்த அடியில் கண் தானாகத் திறந்தது. நிவேதா தரையில் குப்புற. பந்து அவள் வயிற்றுக்கடியில். அவள் மேல் கவிதா. கவிதா மேல் மீதிப் பன்னிரண்டு பேர்.

கவிதா அப்பா பக்கத்தில் நின்றிருந்தார், எப்போது வந்தார் தெரியாது. ஓடை அப்படியேதான் இருக்கிறதாம், நான் கேட்காமலே சொன்னார். திங்களுக்கு கலெக்டர் ஆபீஸ் மனு நாள், மறுபடி போகிறாராம். "நீங்களும் வரீங்களா? அந்த போர்டு எழுதின ஆளே வந்தா கொஞ்சம் கேப்பாங்க." வரேன்னு சொல்லிட்டேன். மூணாவது தெருவுக்குக் கேக்கற மாதிரி சொல்லிட்டேன்.

நிவேதா முட்டி கிழிந்து ரத்தம். டெட்டால் எங்கேன்னு கேக்கறா. சிரிச்சுக்கிட்டே கேக்கறா.