மூன்றாம் வரிசைக் கிளாரினெட்

ஜூன் 9

அன்புள்ள என்னவருக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று மன்னித்துவிடுங்கள். சின்னது இப்போதுதான் கண்ணை மூடியது. பகலில் பேனாவை எடுத்தால் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறது.

சின்னதுக்குச் சளி. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் நான் மட்டும் பயந்துகொண்டிருக்கிறேன். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். அது விழித்துக்கொண்டு வீல் என்று கத்தும். கத்தினால் எனக்கு நிம்மதி. என்ன பிழைப்போ!

பெரியவள் பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்துவிட்டாள். கிளாரினெட் கொடுத்திருக்கிறார்கள், மூன்றாம் வரிசை. சாயங்காலம் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுகிறாள். ஒரே சுரத்தை நீளமாக இழுப்பாள், நடுவில் விட்டுவிடுவாள், மறுபடி இழுப்பாள். பாட்டு என்று ஒன்றும் என் காதில் விழவில்லை.

"பாட்டு எங்கடி?" என்றேன்.

"அது முதல் வரிசைக்காரங்ககிட்ட இருக்கும்மா" என்கிறாள், ஏதோ இரவல் கொடுத்துவிட்டு வந்தவள் மாதிரி.

பக்கத்து நாற்காலியில் உட்காருகிற தோழிக்குக் கனத்த கண்ணாடி. அதனால் பட்டப்பெயர் சோடாபுட்டி. வாயைத் திறந்தால் சோடாபுட்டி புராணம்தான்.

மகள் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்றீர்களே, கேசட்டில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். நடுவில் சின்னது இருமும். அதையும் கேளுங்கள்.

போன தடவை நீங்கள் போன் செய்தபோது சரியாகப் பேச முடியவில்லை. போன் இருப்பது மேல்மாடியில்தானே, அந்த வீட்டம்மா டிவியை அணைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை.

உங்கள்
வீட்டுக்காரி


ஜூலை 2

எங்கள் வீட்டு மகாராணிக்கு,

கடிதமும் கேசட்டும் வந்து சேர்ந்தன. இங்கே இரண்டு ஷிப்டாக வேலை போகிறது. படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் படுக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறையிலிருந்த எல்லோரையும் உட்காரவைத்து, "என் மக கச்சேரி, மூச்சுக் காட்டாம கேளுங்கடா" என்று கேசட்டைப் போட்டேன். ஐயோ! ஒரே இடத்தில் சுற்றுகிற கொசு மாதிரி ஙொய்... கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுபடி ஙொய்... வெல்டர் அண்ணன், "தம்பி, கேசட்டு சிக்கிக்கிச்சு, எடுத்துப் பாரு" என்றார். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு புண்ணாகிவிட்டது. நானும்தான் சிரித்தேன்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. நம் பிள்ளையை ஓரங்கட்டி வைத்திருக்கிறார்கள். அப்பன் வெளியூரில் இருக்கிறான், கேட்க ஆளில்லை என்ற நினைப்பு. நீ படித்தவள்தானே, போய்க் கேள். முதல் வரிசையில் போடச் சொல். ஆண்டு விழாவுக்கு எனக்கு லீவு கிடைக்காது. நல்ல பாட்டாக இன்னொரு கேசட் அனுப்பு, இவன்கள் வாயை அடைக்க வேண்டும்.

சின்னதுக்கும் கொசுவுக்கும் என் முத்தங்கள்.

உன்
வீட்டுக்காரன்


ஜூலை 14

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் உரக்கப் படித்தேன். கொசு வந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மியூசிக் மிஸ் வாத்திய அறையில் தரையில் உட்கார்ந்து டிரம்பெட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் கால் உடைந்த நாற்காலிகள். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ மூணாவது வரிசையில நல்லாத்தாம்மா இருக்கா."

"அவங்க அப்பா ரொம்ப ஆசைப்படறார் மிஸ்."

"பெத்தவங்க கேட்டா மாத்திடுவேன். சண்டை போட எனக்குத் தெம்பில்ல. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

எனக்கு ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் சின்னதிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். வேறு யாரிடம் சொல்ல?

இப்போது பெரியவள் முதல் வரிசையில் கடைசி நாற்காலி. ஆனால் கிளாரினெட்டை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கேட்டால், "ஸ்கூல்லயே வச்சிட்டேன்." எதற்குமே "ம்" தான் பதில். சோடாபுட்டி பேச்சும் நின்றுவிட்டது. அவள் ஊதுகிற சத்தத்தில்தான் சின்னது சாயங்காலம் தூங்கிக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. தூங்க மறுக்கிறது. நான் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் தட்டிக்கொடுக்கிறேன். வீடு அவ்வளவு அமைதி.

நாம் செய்தது சரிதானே? எழுதுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


ஆகஸ்ட் 6

அன்புள்ள என்னவருக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபமா, வேலையா தெரியவில்லை. வேலை என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சின்னது நம்பிவிட்டது.

நேற்று மழை. பெரியவள் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு அறையின் கடைசியில் நின்றேன். நான் முழு பேண்டையும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கதவுக்குப் பின்னால் ஒரு வாத்தியத்தைக் கேட்டேன், அவ்வளவுதான்.

மெதுவான பாட்டு. அடியில் கனமாக ஒரு சுரம் நிற்க, அதன்மேல் மற்ற எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. நம் வீட்டுச் சுரம்தான், உடனே தெரிந்துவிட்டது. திடீரென்று அது அறுந்தது. உட்காரப்போகிறவரின் நாற்காலியை இழுத்துவிட்ட மாதிரி மொத்தமும் தடுமாறிப்போயிற்று.

மிஸ் கோலால் தட்டினார். "மூணாவது வரிசை, என்னாச்சு?"

"ஒருத்தியே எப்படி மிஸ் பிடிக்கிறது?" என்றாள் சோடாபுட்டி. பக்கத்து நாற்காலி காலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

இடைவேளையில் அவளிடம் கேட்டேன். "மாத்தி மாத்தி மூச்சு எடுப்போம் ஆன்ட்டி. அவ விடுற இடத்துல நான் பிடிச்சிட்டிருப்பேன், நான் விடுறப்ப அவ. கேக்கறவங்களுக்கு விட்டதே தெரியாது" என்றாள். நான் யார் என்று தெரிந்தும் மரியாதையாகத்தான் பேசினாள். அதுதான் தாங்கவில்லை.

நம் பிள்ளைக்கு மூச்சுப் போதவில்லை என்று நினைத்தோமே, அவள் வேண்டுமென்றே விட்ட இடங்கள் அவை. அதைத்தான் கேசட் சிக்கிவிட்டது என்றார்கள். கல்லூரியில் படித்த எனக்கு, ஏன் நிறுத்துகிறாய் என்று அவளிடமே கேட்கத் தோன்றவில்லை.

முதல் வரிசையில் அவளைப் பார்த்தேன். வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. விரல் ஓடுகிறது, ஊதவில்லை.

மிஸ்ஸிடம் போய்க் கெஞ்சினேன். "இப்பவும் மாத்தலாம். ஆனா இந்தத் தடவை நீங்க கேக்காதீங்க. அவ வந்து கேக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"மாட்டேன்."

"ஏண்டி கண்ணு?"

"அப்பா ரூமே சிரிச்சுதாமே. நீயும்தான் சிரிச்ச."

"அப்பா விளையாட்டுக்கு எழுதினதுடி."

"கொசுவா அங்க போய் திரும்ப உக்கார மாட்டேன். அப்பா முதல் வரிசைன்னார், உக்காந்துட்டேன். விடும்மா."

சிரித்தது தப்பு என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். என் சொல் அந்தக் கதவு வரைக்கும்தான் போகிறது. உங்கள் சொல்லை அவள் உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. போய்க் கேட்டவள் நான். ஆனால் இதை என்னால் மட்டும் சரிசெய்ய முடியவில்லை. ஆண்டு விழா இந்த மாதக் கடைசியில். அதற்கு முந்தின வாரம் வரிசைகளை முடிவுசெய்துவிடுவார் மிஸ். அதற்குள் அவளுக்கு எழுதுங்கள். எனக்கு வருகிற உறைக்குள் வைக்காமல், தனி உறையில், அவள் பெயர் போட்டு. பெரிய கலைஞி என்றெல்லாம் வேண்டாம், நம்ப மாட்டாள். அந்தச் சுரம் ஏன் நடுவில் நின்றது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, இப்போது தெரியும் என்று மட்டும் எழுதினால் போதும். வெல்டர் அண்ணனிடமும் சொல்லுங்கள்.

எனக்கென்று தனியாக ஒன்றும் எழுத வேண்டாம். நேரமிருந்தால் எழுதுங்கள்.

சின்னதுக்குச் சளி விட்டுவிட்டது. இதைக் காலையில் முதல் தபாலிலேயே சேர்த்துவிடுகிறேன். கையில் கிடைத்ததும் அவளுக்குப் பதில் போடுங்கள். தயவுசெய்து சீக்கிரம் போடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி