துணி நனைக்கிற காட்சி

மாரண்டஹள்ளி
8.1.1972

அன்புள்ள குள்ளம்மா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ராத்திரி மணி பன்னிரண்டரை. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். விழித்திருந்தால் பேனா பிடிக்க விடமாட்டாள். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே இருக்கிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கடிதத்தின் தலையில் ‘சேசு மரி சூசை’ எங்கே என்று தேடாதே. மூன்றாவது பெயருக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. போய்ச் சேர்ந்த பெரியவனுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கவே கூடாது.

நேற்று இவர் பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை கொண்டுவந்தார். நான் பாப்பாவுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். “அமலு, உன் சிநேகிதி நாடகத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்காங்க பாரு” என்று அவரே சத்தமாகப் படித்தார். காய்ச்சல் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய், மத்தியானம் அசந்து தூங்கிவிடுகிறாளாம். விழித்துப் பார்த்தால் குழந்தைக்கு உயிரில்லை. அழுவதற்கு முன்னால், நெற்றியில் காய்ந்து கிடந்த துணியை எடுத்து மறுபடி நனைத்துப் போடுகிறாளாம், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. அந்த இடத்தில் சபையில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லையாம். படித்து முடித்துவிட்டு, “இதெல்லாம் எப்படித்தான் யோசிக்கறாங்களோ” என்றார்.

நீ எங்கே யோசித்தாய், குள்ளம்மா? பெரியவன் போன அன்று நடந்ததை ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உனக்கு எழுதினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். இவருக்கு இன்றுவரை தெரியாது. “கடைசி வரைக்கும் ஈரத்துணி போட்டுக்கிட்டே இருந்தா, பாவம்” என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் எனக்காகப் பேசிய மனுஷன்.

காலேஜில் நாடகம் சொல்லிக்கொடுத்த மிஸ் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. யாரும் பார்க்காதபோது அந்த ஆள் செய்கிற ஒரே ஒரு காரியத்தைக் கண்டுபிடியுங்கள், மீதி வேஷம் தானாக வரும் என்பார்கள். உன் ராஜா வேஷத்துக்கு ஹாஸ்டல் வாட்ச்மேனிடமிருந்து எடுத்தாயே, மீசையைத் தடவிவிட்டு விரலை முகர்ந்து பார்ப்பதை. விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த ஆளை நீ ஒளிந்து நின்று பார்த்தாய். என்னை நீ பார்க்கவில்லை, நானாகச் சொன்னேன். வித்தியாசம் தெரியவில்லையா உனக்கு?

பிப்ரவரி 12 தருமபுரியில் உங்கள் நாடகம், பள்ளிக் கட்டட நிதிக்காக. இவர்தான் ஊரெல்லாம் டிக்கெட் விற்றுக்கொண்டு அலைகிறார். முன்வரிசையில் எங்களுக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறார். அந்தக் காட்சியை எடுத்துவிடு.

அமலோற்பவம்


சென்னை
19.1.1972

என் அமலு,

உன் கடிதத்தை ஒப்பனை அறையில் நின்றுகொண்டே படித்தேன். குள்ளம்மா என்று கூப்பிட இங்கே ஆளில்லை. நோட்டீஸில் நான் குமுதினி. சொந்த ஊர் ஏரியூர் என்றால் எந்த ஜில்லா என்கிறார்கள்.

நீ கோபிப்பது நியாயம். ஆனாலும் கேள். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தத் தாய் வேஷம் வந்தபோது முதல் பத்து ஒத்திகையும் வெறும் மாரடிப்புதான். “இந்த அழுகை எந்தக் கடையில வாங்கினது?” என்று டைரக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம்தான் பெட்டியிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். மறுநாள் வசனத்தை விட்டுவிட்டுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மெதுவாக முக்கி, மூன்று தரம் பிழிந்து, உதறி, மடித்துப் போடுகிறேன். ஒவ்வொரு பிழிதலுக்கும் சபை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்து அவள் நடை, உட்காருவது, புருஷனை நிமிர்ந்து பார்க்காதது, எல்லாம் எனக்கு வந்துவிட்டது.

உன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

நேற்று துணி இல்லாமல் செய்து பார்த்தேன். கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கின. டைரக்டர் கத்தினார். கத்தட்டும். தருமபுரியில் மட்டும் துணி இருக்காது. தைரியமாக அண்ணனை அழைத்துக்கொண்டு வா.

உன்
குமுதினி
(அண்ணனுக்குக் குள்ளம்மாள் என்றே சொல்)


மாரண்டஹள்ளி
24.2.1972

குள்ளம்மா,

இன்றும் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

நாடகம் பார்த்தோம். சொன்னபடி செய்தாய். எழுந்தாய், கையைப் பிசைந்தாய், அலறினாய். பின்னால் ஒரு பிள்ளை முறுக்கு கேட்டு அழ, பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இவள் ஏன் இப்படிப் பொய்யாக அழுகிறாள் என்று.

மறுநாள் காலை பஸ்ஸில், ஊருக்குத் திரும்பும் காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா என் மடியில்.

“அந்தத் துணி நனைக்கற எடத்தை ஏன் காணோம்? அதுக்குன்னுதான் வந்தேன்” என்றார்.

“நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

“நீயா? எதுக்கு?”

பாலக்கோடு வரைக்கும் பாப்பாவின் குல்லாயை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். அங்கே பஸ் நின்றதும் சொன்னேன். தூங்கினதை, நனைத்ததை, எல்லாம். எழுந்து இறங்கிப் போனார். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அவ்வளவுதான். பதினோரு நாள் ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், பாப்பாவைத் தூக்கினார், பள்ளிக்கூடம் போனார். திட்டினாலாவது பதில் பேசலாம்.

இன்று சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தேன். கதவோரம் வந்து நின்றார்.

“அன்னிக்கு அந்தத் துணியில தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. காதுக்குள்ள எல்லாம் எறங்கி இருந்துச்சு. என் துண்டாலதான் தொடச்சேன். காய்ச்சல் புள்ளைக்குப் பிழியாமயா போடுவாங்கன்னு அப்பவே தோணுச்சு.”

“அப்பவே ஏங்க கேக்கல?”

“கேட்டு?”

பாப்பாவின் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, “நீயா சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைசி வரைக்கும் துணி போட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னாரே, தெரிந்தே சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டுக்குள் நானும் நடித்து, அவரும் நடித்து, இத்தனை நாள். கொஞ்சம் முன்னால் கேட்டிருந்தால் என்ன? நான்தான் சொல்லியிருந்தால் என்ன? பாப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனவர், இப்போது அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார்.

உன்மேல் உள்ள கோபம் போய்விட்டது என்று எண்ணாதே. கேட்காமல் எடுத்தாய். எடுத்ததையும் தப்பாகச் செய்கிறாய். அவள் எங்கே மூன்று தரம் பிழியப்போகிறாள்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. சொம்பில் முக்கினதை அப்படியே வைப்பாள். தண்ணீர் பிள்ளையின் முகத்தில் வழியும். அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றாது. காட்சியைத் திரும்பச் சேர்த்துக்கொள், ஆனால் இப்படிச் செய். இப்படி முடியாதென்றால் எந்த ஊரிலும் போடாதே.

சேலத்தில் எப்போது என்று இவர் கேட்கிறார். தேதியை எழுது. பிழியாமல் செய்வாயா, மாட்டாயா, அதையும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

அமலு