தக்காளிக்கு இரண்டு பஸ்

2004 ஜனவரி 11, ஞாயிறு
லாசால் பகுதியில் எங்கள் தெருவிலிருந்த ஒரே சூப்பர்மார்க்கெட் போன இலையுதிர்காலத்தோடு மூடிவிட்டது. மிஞ்சியிருப்பது டெபனர் என்கிற மூலைப் பெட்டிக்கடை. பியர், சிப்ஸ், லொத்தர் சீட்டு வேண்டிய மட்டும் உண்டு. மரக்கறி கேட்டால் கடைக்காரன் முளைவிட்ட வெங்காயத்தைக் காட்டுகிறான். தக்காளிக்கு இரண்டு பஸ் ஏறவேண்டும். இவரிடம் சொன்னேன். "காரில போனால் கிட்டத்தானே, அக்னெஸ்." கார் இவரோடு வேலைக்குப் போய்விடுகிறது. பிறகென்ன கிட்ட!

ஜனவரி 23
மேல்மாடி றோஸ்மேரி அக்கா பஸ்ஸால் இறங்கும்போது பனியில் சறுக்கி விழுந்துவிட்டார். இரண்டு கையிலும் சாமான் பை; எதைப் பிடிப்பது? வலது மணிக்கட்டு முறிவு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சலரோகக்காரி, இரத்தத்தில் சீனி கூட; தனியாள். டொக்டர், நிறைய மரக்கறி சாப்பிடச் சொன்னார். எனக்கு வந்த கோபம்!

பெப்ரவரி 3
பூட்டிய சூப்பர்மார்க்கெட் கட்டடத்தின் சொந்தக்காரருக்கு போன் எடுத்தேன். வேறு கடைக்குக் கொடுக்க முடியாதாம். மூடிவிட்டுப் போன கம்பனி இன்னும் வாடகை கட்டுகிறதாம் — தங்கள் மற்றக் கிளைக்குப் போட்டியாக வேறொருவன் வந்துவிடக் கூடாதென்று. வெறும் சுவருக்கு வாடகை! தாங்களும் விற்கமாட்டினம், மற்றவனையும் விற்க விடமாட்டினம். என்ன மனிசர் இவங்கள்?

பெப்ரவரி 17
நகரசபைக் கூட்டம். எங்கள் தெருவுக்கு மரக்கறிக் கடை வேண்டுமென்று அரைகுறைப் பிரெஞ்சில் எழும்பிக் கதைத்தேன். ஒரு அதிகாரி மிகப் பணிவாக, எல்லோரும் சேர்ந்து தோட்டம் செய்யலாமே என்றார். வெளியில் முழங்கால் உயரத்துக்கு ஸ்னோ.

மார்ச் 7
எங்கட சனம் நிறைந்த கோட்-டெ-நேஜில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் எமிலியானுஸ் அண்ணையிடம் போனேன். எங்கள் பக்கம் ஒரு கிளை திறக்கச் சொல்லி.
"தங்கச்சி, அங்க எங்கட சனம் எத்தினை பேர்? ஆரை நம்பிக் காசு போடுறது?"
"எங்கட சனம் மட்டுமோ அண்ணை சாப்பிடுறது?"
சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்கு மரக்கறி நிறுக்கப் போய்விட்டார்.

மார்ச் 28
அண்ணை போனை எடுக்கிறாரில்லை.

மே 9
கெஞ்சிக் கெஞ்சி, இன்று ஒரு நாள் மட்டும் அண்ணையை வான் வண்டியில் சாமானோடு வரச் செய்தேன். பங்குப் பாதர், கோயிலின் கார் தரிப்பிடத்தை விட்டுத்தந்தார். பூசை முடிந்ததும் ஹெயிட்டிப் பெண்கள், பிரெஞ்சுக் கிழவிகள், எங்கட ஆக்கள்... அண்ணைக்கு நிமிர நேரமில்லை. அந்த நேரம் பார்த்து நகரசபை ஆள் ஒருவர் வந்து, அனுமதியில்லாமல் விற்கக்கூடாது என்று நிற்பாட்டிவிட்டார். எல்லார் முன்னாலும் அழுதே விட்டேன். அண்ணை என்னை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சாமான் விற்று ஏறக்குறையக் காலியான வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
"இந்தத் தெருவில வேற வெறுங்கடை ஏதும் கிடக்கோ?"

ஜூன் 20
எங்கள் தெருவில் பூட்டிக்கிடந்த பழைய வீடியோக் கடை அண்ணைக்கு வாடகைக்குக் கிடைத்துவிட்டது. இனிக் குளிர்ப்பெட்டிக்கு அனுமதி, பெயர்ப்பலகைக்கு அனுமதி. பலகையில் பிரெஞ்சு எழுத்துத்தான் பெரிதாக இருக்கவேண்டுமாம்; எங்களதில் போதாதாம். கடவுளே.

செப்டம்பர் 18
கடை திறந்து இரண்டாம் வாரம். வரிசை வாசல் வரை. வாங்கிவந்த கத்தரிக்காயில் பாதி சூத்தை, வெட்டினால் புழு. திரும்பப் போய் அண்ணையோடு சண்டை பிடித்தேன். "நீ கூப்பிட்டுத்தானே வந்தனான்! இப்ப நீயே குறை சொல்லு."
எரிச்சலோடு வீடு திரும்புகையில் வாசற்படியில் றோஸ்மேரி அக்கா. காலில் வீட்டுச் செருப்பு, கையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி.
"ரசத்துக்குப் போட இல்லை. அதான் ஓடிப்போய் வாங்கினனான்."
அதற்கு மட்டும் போய் வந்தாராம்.